பெயரும் விலாசமும்

ஊரிலே இருபது ஆண்டு கடிதம் கொடுத்துப் பழகிய தபாற்காரருக்கு வீட்டிலக்கம் வேண்டுவதில்லை. உறையின்மேல் ‘தலைமையாசிரியர், கோயிலடி’ என்று எழுதியிருந்தாற் போதும். சைக்கிள் தானாகவே உரிய படலையடியில் நிற்கும். அவருடைய நினைவு அவருக்கும் இலாபம், ஊருக்கும் இலாபம். ஆனால், தலைமையாசிரியர் இடமாற்றம் பெற்று வேறூர் சென்று, அவ்வீட்டில் மற்றொருவர் குடிபுகுந்த பின்னரும் சைக்கிள் அதே படலையடியில் நிற்குமாயின், அதே நினைவு இடைஞ்சலாக முடிகின்றது. நல்ல நினைவுக்கு இலக்கணம் இரண்டு. வேண்டியதை வைத்திருத்தல் ஒன்று. காலங்கடந்ததைக் கைவிடுதல் மற்றொன்று.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம் வீட்டுக் கணனிகளுக்குள்ளே இருந்து இத்தபாற்காரரின் வேலையைச் செய்யும் ஒரு சிறு குறிப்பேட்டைப் பற்றியது. ‘டிஎன்எஸ் காஷ்’ என்பது அதற்கு வழங்கும் பெயர். பெயரைக் கேட்ட மாத்திரத்தே வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இதனை அறியாமையால் வீண் செலவு செய்வோர் உளர்; தவறாக அறிந்தமையால் பிள்ளைகள்மேல் வீண் பழி சுமத்துவோரும் உளர். ஆதலின், இது குடும்பப் பகுதிக்கு உரிய விடயமே என்பது நமது துணிபு.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். இணையத்தில் ஒரு தளத்தைத் தாங்கி நிற்கும் கணனிக்கு ஓர் எண்விலாசம் உண்டு. கணனிகள் தம்முள் எண்களாலேயே ஒன்றையொன்று அழைக்கின்றன. மனிதர் மனத்திலோ எண்கள் தங்குவதில்லை, பெயர்களே தங்குகின்றன. ஆகவே, பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாடு ஒன்று இடையில் வேண்டியதாயிற்று. இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய ‘ஆர்ப்பாநெற்’ என்னும் அமெரிக்க வலையமைப்பில் இதற்கு ஒரேயொரு அட்டவணை இருந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரிலிருந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய பிரிவு அதனைப் பேணி வந்தது. புதிய கணனி ஒன்று சேர்ந்தால் அங்கே அறிவித்தல் வேண்டும். மற்றையோர் யாவரும் புதிய அட்டவணையைப் பிரதி எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். கணனிகள் பெருகப் பெருக அவ்வேலை ஓரிடத்தின் கைக்கு அடங்காததாயிற்று.

1983ஆம் ஆண்டில், தென்கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிலையத்திற் பணியாற்றிய போல் மொக்கபெற்றிஸ் என்பவர் இதற்கு மாற்றாக ஒரு முறையை வகுத்தார். பொறுப்பைப் பகிர்ந்தளித்தலே அதன் சாரம். உச்சியில் ‘வேர்’ எனப்படும் பதிவேடு உண்டு. அது ‘கொம்’, ‘ஓர்க்’, ‘எல்கே’ முதலிய கடைப்பெயர்களுக்கு உரியோர் யாவர் என்பதை மட்டும் அறியும். ‘எல்கே’ பதிவேடு, தன் கீழுள்ள பெயர்களுக்கு உரியோரை மட்டும் அறியும். கச்சேரிக்குச் சென்றால் பிரதேச செயலகத்தைக் காட்டுவர். அங்கே சென்றால் கிராம அலுவலரைக் காட்டுவர். அவரே வீட்டைக் காட்டுவர். அத்தகைய ஒழுங்குதான் இது. நமது நாட்டுக்கு உரிய கடைப்பெயர் ‘எல்கே’. 2010ஆம் ஆண்டில் ‘இலங்கை’ என்னும் தமிழ்ச் சொல்லும், அதற்கு இணையான சிங்களச் சொல்லும், அவ்வம் மொழி எழுத்திலேயே கடைப்பெயர்களாக இடம்பெற்றன என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து தொடங்கி வீடு வரை விசாரித்துக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். பதிவேடுகளும் சுமை தாங்கமாட்டா. ஆதலால், ஒருமுறை பெற்ற விடையைக் கணனி சிறிது காலம் எழுதி வைத்துக்கொள்கின்றது. அவ்வாறு எழுதி வைக்கும் ஏடே ‘காஷ்’. பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற இச்சொல்லுக்கு மறைத்து வைக்கும் இடம் என்பது பொருள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஆயுள் உண்டு. அதனைத் தீர்மானிப்பவர் தளத்துக்கு உரியவர். அது செக்கன்களிற் கணிக்கப்படும். 300 என்றிருந்தால் 5 நிமிடம். 3600 என்றிருந்தால் ஒரு மணித்தியாலம். 86,400 என்றிருந்தால் ஒரு முழுநாள். ஆயுள் முடிந்ததும் குறிப்பு அழிய, அடுத்த முறை புதிதாக விசாரிக்கப்படும்.

இத்துணை ஒழுங்கிருந்தும் தொல்லை எங்ஙனம் வருகின்றது? மூன்று வழிகளில் வருகின்றது.

முதலாவது, தளம் இடம்பெயர்தல். ஒரு பாடசாலையின் தளம் பழைய கணனியிலிருந்து புதியதற்கு மாற்றப்பட்டதென்க. குறிப்பின் ஆயுள் ஒரு நாளாயின், அந்நாள் கழியும் வரை சிலருடைய கணனிகள் பழைய இடத்தையே நாடும். ஒருவருக்குப் புதிய அறிவித்தல் தெரியும். அடுத்த வீட்டாருக்குப் பழையதே தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது, ‘இல்லை’ என்னும் விடையை நினைவில் வைத்தல். கணனி ‘உண்டு’ என்பதை மட்டுமன்றி, ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதையும் சிறிது காலம் குறித்து வைக்கும். புதிய தளமொன்று திறக்கப்படுமுன்னரே ஆவல் மிகுதியால் அதனைத் தேடியவருக்கு, அது திறந்த பின்னரும் சற்று நேரம் ‘இல்லை’ என்றே விடை வரக்கூடும்.

மூன்றாவது, பொய்யான விலாசம் குறிப்பேட்டில் ஏறிவிடுதல். இதுவே அபாயமானது, இதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

இத்தகைய வேளைகளில் குறிப்பேட்டை ஆயுள் முடியுமுன்னரே அழித்துவிடலாம். விண்டோஸ் கணனியுடையோர் விசைப்பலகையிலுள்ள விண்டோஸ் விசையை அழுத்தி, சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தட்டினால், ‘கொமான்ட் புறொம்ற்’ என்னும் பெயர் திரையில் தோன்றும். அதனைத் திறக்கக் கரிய சாளரம் ஒன்று வரும். அங்கே, இணைய விலாசத்தைக் குறிக்கும் ‘ஐபி’ என்னும் ஈரெழுத்தையும் ‘கொன்ஃபிக்’ என்னும் ஆறெழுத்தையும் ஒரே சொல்லாக எழுதுக. பின்னர் ஓர் இடைவெளி. அதன்பின் வலப்புறம் சாய்ந்த கோடு. கோட்டை ஒட்டி, ‘ஃபிளஷ்’ என்னும் ஐந்தெழுத்தையும் ‘டிஎன்எஸ்’ என்னும் மூவெழுத்தையும் இடைவெளியின்றி எழுதி, ‘என்ரர்’ விசையை அழுத்துக. குறிப்பேடு அழிக்கப்பட்டதென ஒரு வரியில் விடை வரும். அனுமதி போதாதென்று கணனி மறுக்குமாயின், அக்கரிய சாளரத்தை நிருவாகியின் உரிமையோடு திறந்து மீண்டும் எழுதுதல் வேண்டும். ஒரு நிமிடத்தில் முடியும் கருமம் இது. நமது கோப்புக்களையோ படங்களையோ கடவுச்சொற்களையோ இது தொடுவதில்லை.

குறோம் உலாவி தனக்கென வேறொரு குறிப்பேடு வைத்திருக்கின்றது. உலாவியை முற்றாக மூடித் திறத்தல் அதற்குப் பெரும்பாலும் போதும். அப்பிள், லினக்ஸ் கணனிகளுக்கு வேறு கட்டளைகள் உள. அவற்றை மனனஞ் செய்ய இயலாதோர் வருந்த வேண்டா. கணனியை மீளத் தொடக்கினாலே ஏடு வெறுமையாகும்.

ஆனால், நம் வீட்டு ஏட்டை அழித்ததனால் உலகமெங்குமுள்ள ஏடுகள் அழிந்துவிடா. வீட்டிலுள்ள றூட்டரிலும் ஓர் ஏடு இருக்கக்கூடும். இணையச் சேவை வழங்குவோரிடம் மற்றோர் ஏடு உண்டு. நாம் அழித்த மறுகணமே அங்கிருந்து அதே பழைய விலாசம் திரும்பவும் வந்து சேரலாம். அப்போது செய்யத்தக்கது காத்திருத்தல் ஒன்றே. இதனால்தான், தளத்தை மாற்ற எண்ணும் பொறுப்புடையோர் இரண்டொரு நாள் முன்னதாகவே குறிப்பின் ஆயுளை 300 செக்கனாகக் குறைத்து வைப்பர். மாற்றம் நிகழ்ந்ததும் உலகம் ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளும். பின்னர் ஆயுளைப் பழையபடி கூட்டிவிடுவர். பாடசாலைகளினதும் சனசமூக நிலையங்களினதும் தளங்களை நடத்தும் இளைஞர்கள் இவ்வொழுங்கைக் கைக்கொண்டால், விண்ணப்ப முடிவுத் திகதியன்று ஏழைப் பிள்ளையொன்று பழைய பக்கத்தைப் பார்த்து ஏமாறும் நிலை நேராது.

இனி, எதற்கெல்லாம் இது மருந்தன்று என்பதையும் சொல்லவேண்டும். முற்காலத்தில் சில வீடுகளில் பிள்ளைக்குத் தலையிடி வந்தாலும் ஆமணக்கெண்ணெய், பாடம் ஏறாவிட்டாலும் ஆமணக்கெண்ணெய். அதுபோலவே, கணனிக்கு எது வந்தாலும் ‘காஷை அழியுங்கள்’ என்று சொல்வோர் இன்று பெருகியுள்ளனர். இணைய இணைப்பே அறுந்திருந்தால் இதனாற் பயனில்லை. இணைப்பு மந்தமாயிருந்தாலும் பயனில்லை. ஏட்டை அழித்த பின் ஒவ்வொரு பெயரையும் மீள விசாரிக்க வேண்டியிருத்தலின் முதலிற் சற்றுத் தாமதமே உண்டாகும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வேளையில் இலட்சக்கணக்கானோர் ஒரே வாசலில் நெருக்கியடிப்பதால் வாசல் திறவாதிருப்பின், அதற்கும் இது பரிகாரமன்று. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆம் திகதி ‘ஃபேஸ்புக்’ உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் செயலற்றிருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நிறுவனத்தின் பெயர்ப் பதிவேடுகளைத் தாங்கும் கணனிகளுக்குச் செல்லும் வழியே அன்று அறுபட்டிருந்தது. அன்று எவர் தம் ஏட்டை எத்தனை முறை அழித்திருந்தாலும் கதவு திறந்திராது.

நோயை அறிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. கைத்தொலைபேசியின் வைஃபையை நிறுத்தி, அதன் சொந்த இணைப்பால் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். தொலைபேசியில் தளம் திறந்து, கணனியில் மற்றைய தளங்களெல்லாம் திறந்து, அந்த ஒரு தளம் மட்டும் கணனியில் அடம்பிடிக்குமாயின், பழைய குறிப்பு காரணமாயிருக்கலாம் என்று ஐயுறுதல் நியாயம். இரண்டிலும் திறவாதாயின் கோளாறு பெரும்பாலும் தளத்தினதே. இச்சோதனையைச் செய்யாமல் கணனியைத் தூக்கிக்கொண்டு திருத்தகத்துக்கு ஓடி, உள்ளிருந்த யாவற்றையும் துடைத்துப் ‘போமற்’ செய்வித்து, பணத்தோடு பிள்ளைகளின் படங்களையும் இழப்பது பரிதாபத்துக்குரியது. ஒரு வரிக் கட்டளையால் தீரக்கூடிய கருமத்துக்கு அது மிகப் பெரிய விலை.

மேலே நாம் நிறுத்தி வைத்த பொய்விலாசத்துக்கு வருவோம். கணனி ஒரு பெயரை விசாரிக்கும்போது, வினாவோடு ஓர் இலக்கத்தையும் இட்டு அனுப்புகின்றது. அதே இலக்கத்தைத் தாங்கி வரும் விடையை அது நம்புகின்றது. அவ்விலக்கத்துக்கு இடமிருப்பது 65,536 வகைகளே. உண்மையான விடை வருமுன் ஒரு வஞ்சகன் அவ்விலக்கத்தை ஊகித்துப் பொய்விடை அனுப்புவானாயின், அது ஏட்டில் ஏறிவிடும். அதனை நாடும் அத்தனை பேரும் பொய்வாசலுக்குச் செல்வர். இதனை ‘ஏட்டை நஞ்சாக்குதல்’ என்பர். முன்னெல்லாம் ஒருமுறை தவறினால் பழைய குறிப்பின் ஆயுள் முடியும் வரை வஞ்சகன் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திராமலே மீண்டும் மீண்டும் முயல வழியுண்டு என்பதை டான் கமின்ஸ்கி என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். அதனை ஊரறியச் சொல்லிப் புகழ் தேடாமல், முதலில் உரிய நிறுவனங்களுக்கு இரகசியமாக அறிவித்தார். 2008ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பல நிறுவனங்கள் ஒரே வேளையில் தத்தம் மென்பொருள்களைத் திருத்தி வெளியிட்டன. வினா புறப்படும் வாயிலையும் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்வதே அத்திருத்தம். அதனால் ஊகித்தல் மிகக் கடினமாயிற்று. அறிவுடைமையோடு பொறுமையும் சேர்ந்தால் உலகத்துக்கு விளையும் நன்மைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நமது நாட்டிலும் பெயர்கள் திசைமாறிய நாளொன்றுண்டு. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி, ‘எல்கே’ என முடியும் பெயர்கள் சிலவற்றை நாடியோர் முற்றிலும் வேறான ஒரு பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கூகுளின் ‘எல்கே’ பெயரும் அவற்றுள் ஒன்று. அங்கே மாற்றப்பட்டது தனிப்பட்டோரின் ஏடன்று, மேலுள்ள பதிவே. கோளாறு அன்றே சீர்செய்யப்பட்டது. எனினும், இத்தகைய நிகழ்ச்சிகளில் மேற்பதிவு திருந்திய கணத்திலேயே எல்லாக் கணனிகளும் திருந்திவிடும் என்று எதிர்பார்த்தலாகாது. பிழையான விலாசத்தைக் குறித்துக்கொண்ட கணனிகள் அதன் ஆயுள் முடியும் வரை அதனையே சொல்லிக்கொண்டிருக்கும். ஏட்டை அழித்தல் உண்மையாகவே பயன்படும் இடம் இதுதான்.

வங்கிக் கணக்கை இணையத்தில் பார்ப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். விலாசம் பொய்யாயினும், வங்கியின் அத்தாட்சிப் பத்திரத்தை வஞ்சகனால் எளிதிற் காட்ட இயலாது; அப்போது உலாவி எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் பொத்தானை எக்காரணங்கொண்டும் அழுத்தலாகாது. பக்கத்தை மூடுக, ஏட்டை அழிக்குக, மீண்டும் அதே எச்சரிக்கை வரின், வங்கிப் புத்தகத்திலோ அட்டையிலோ அச்சிட்ட தொலைபேசி இலக்கத்துக்குப் பேசி விசாரிக்குக. ஏட்டை அழித்தாலும் தீராத நோய் ஒன்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் வெளிப்படுத்திய ‘டிஎன்எஸ் சேஞ்சர்’ என்னும் தீநிரல், பல நாடுகளில் ஏறக்குறைய 40 இலட்சம் கணனிகளைப் பீடித்திருந்தது. அது ஏட்டில் எழுதவில்லை. எவரிடம் விசாரிப்பது என்ற அமைப்பையே மாற்றி, கணனியைத் தன் ஆட்களிடம் விசாரிக்கச் செய்தது. வழிகாட்டியே கள்வனாயின், அவன் சொன்ன குறிப்பை அழித்து அவனிடமே மீண்டும் கேட்டு என்ன பயன்? அத்தகைய ஐயம் எழின் விடயமறிந்த ஒருவரிடம் காட்டுதலே முறை.

இறுதியாக, நாம் மிக முக்கியமெனக் கருதுவதைச் சொல்லவேண்டும். மேற்கூறிய கட்டளையில் ‘ஃபிளஷ்’ என்பதற்குப் பதிலாக ‘டிஸ்பிளே’ என்னும் ஏழெழுத்தை எழுதினால், ஏட்டிலுள்ள பெயர்களெல்லாம் திரையில் வரிசையாகத் தோன்றும். கணனி கற்ற தந்தையர் சிலர் இதனை அறிந்து, மகனோ மகளோ இல்லாத நேரத்தில் அப்பட்டியலைப் பார்த்து, கண்டறியாத பெயரொன்றைக் கண்டதும் வீட்டை நீதிமன்றமாக்கி விடுகின்றனர்.

அன்பர்களே, அந்த ஏடு சாட்சி சொல்லத் தகுதியற்றது. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால், அப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களின் பெயர்களும், பார்வையாளரைக் கணக்கெடுக்கும் நிலையங்களின் பெயர்களும் கூடவே விசாரிக்கப்பட்டு ஏட்டில் ஏறும். பிள்ளை தொடாத இணைப்புக்களைக்கூட, ஒருவேளை தொடக்கூடும் என்றெண்ணி உலாவி முன்னதாகவே விசாரித்து வைப்பதுண்டு. கணனியின் பின்புறத்தே தாமாக இயங்கும் மென்பொருள்களும் பெயர்களை விசாரிக்கின்றன. பெயர் மட்டுமே அங்கே உண்டு. எந்தப் பக்கம், எவர் பார்த்தார், எத்துணை நேரம் பார்த்தார் என்பவை அங்கில்லை. நால்வர் பாவிக்கும் கணனியில் நால்வரின் பெயர்களும் கலந்தே கிடக்கும். ஏடு வெறுமையாயிருத்தலும் குற்றத்துக்கு அடையாளமன்று. கணனி மீளத் தொடங்கியிருந்தாலே அது வெறுமையாயிருக்கும். வகுப்பறையில் இருபது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகளோடு பழகி வருகின்றோம். செய்த குற்றத்துக்குப் பெற்ற தண்டனையைப் பிள்ளைகள் மறந்துவிடுவர்; செய்யாத குற்றத்துக்குப் பெற்ற சொல்லை மறப்பதில்லை.

பிள்ளை இணையத்தில் எங்கே செல்கின்றது என்ற கவலை பெற்றோருக்கு இருத்தல் நியாயமே. அதற்குரிய வழி, கணனியைக் கூடத்தில் வைத்தலும், பிள்ளையோடு அருகே இருந்து பார்த்தலும், கேட்கவேண்டியதை முகத்துக்கு நேரே கேட்டலுமாம். அதேபோல, பொதுக் கணனியில் தம் கருமம் முடித்து எழுவோர், பின்வருவோர் பார்வைக்குத் தம் ஏட்டை விட்டுச்செல்ல விரும்பாராயின், உலாவியின் வரலாற்றையும் இவ்வேட்டையும் அழித்தெழுவதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை; அது துப்புரவு.

ஆகவே, ஒரு தளம் மட்டும் வழிதவறும்போது ஏட்டை அழியுங்கள். மற்றைய வேளைகளில் அதனை அதன்பாட்டில் விடுங்கள். அழித்த பின்னும் பழைய பக்கமே வருமாயின், ஒருநாள் பொறுத்து மறுபடியும் பாருங்கள். கட்டளையை ஒரு துண்டுக் கடதாசியில் ஆங்கில எழுத்திற் பிள்ளையைக்கொண்டு எழுதுவித்து, கணனி மேசையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை திருத்தகத்துக்குப் புறப்படுமுன் அக்கடதாசியை ஒருதரம் பார்த்துவிட்டுச் செல்லலாம்.